தேடுகிறவன் வரும் வழி

மேற்கு ஆப்பிரிக்காவில், சஹாராவின் அட்லாண்டிக் ஓரத்தில் அமைந்துள்ள மௌரிடானியா தேசத்தில், ஸுவேராத் என்னும் ஊரின் சுரங்கங்களிலிருந்து இரும்புத் தாதுவை ஏற்றிக்கொண்டு, ஏறக்குறைய 700 கிலோமீட்டர் தூரம் கடந்து நுவாதிபு துறைமுகத்தை வந்தடையும் ரயில் 1963ஆம் ஆண்டு முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு கிலோமீட்டருக்கும் மேலான நீளமுடைய அந்த வண்டியைக் காணவும், அதன் தாதுக் குவியலின்மேல் அமர்ந்து பிரயாணம் செய்யவும் பல தேசங்களிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். அது அவரவர் ருசி. நமக்கு வேண்டியது ரயில் அன்று. தண்டவாளத்துக்குத் தெற்கே, அதனோடு சேர்ந்தும் விலகியும் செல்லும் மணல் தடமே. அத்தார் நகரத்திலிருந்து வடக்கே ஷூம் வரை சென்று, அங்கிருந்து மேற்கே திரும்பி நுவாதிபு வரை போகும் இவ்வழி, மொத்தத்தில் 550 முதல் 600 கிலோமீட்டர் வரை இருக்கும். பாலைவனத்தில் மோட்டார் சைக்கிளில் பிரயாணம் செய்ய எண்ணுபவன் அறிந்திருக்க வேண்டிய விஷயங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வழியிலேயே எதிர்ப்படுவதால், அதையே உதாரணமாக வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

வரைபடத்தை மட்டும் பார்க்கிறவனுக்கு இது மிகச் சுலபமான வழியாகத் தோன்றும். தண்டவாளம் எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கிறது. அதை விடாமல் சூரியன் சாயும் திசையில் போனால் சமுத்திரம் வந்துவிடும். இதில் வழி தவற என்ன இருக்கிறது என்று அவன் கேட்கக்கூடும். ஆனால் தண்டவாளத்தை ஒட்டியே போக முடியாது என்பதுதான் இங்குள்ள சங்கடம். அத்தனை பாரமும் நாள்தோறும் உருண்டு தேய்த்ததால் வெடித்துச் சிதறிய எஃகுச் சிம்புகள், கத்திபோன்ற ஓரத்தோடு, இருமருங்கிலும் மணலில் பாதி புதைந்து கிடக்கின்றன. துருவேறி மணலின் நிறத்தையே அடைந்துவிட்ட அவற்றுள் ஒன்று டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிட்டால், பஞ்சர் ஒட்டுகிற சாமான்களால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. ஆகையால் அனுபவசாலிகள் தண்டவாளத்தை விட்டு நன்றாக விலகியே செல்கிறார்கள். விலகத் தொடங்கியவனை மணல்மேடுகள் இன்னும் தெற்கே தள்ளுகின்றன. அரைமணி நேரத்துக்குள் தண்டவாளம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. வடக்கே விலகலாமே என்றால் அது கூடவே கூடாது; அந்தப் பக்கம் நெருங்கி வருவது மேற்கு சஹாராவின் எல்லை; 1970களில் மூண்ட யுத்தத்தில் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகள் இன்றும் அங்கே இருக்கின்றன. மணல் எவ்வளவு தொல்லை கொடுத்தாலும் தண்டவாளத்தைத் தாண்டி வடக்கே சக்கரத்தை வைக்கலாகாது என்பது இவ்வழியின் முதல் விதி.

பாதையில் அடையாளங்களும் உண்டு. பென் அமேரா என்னும் பிரம்மாண்டமான ஒற்றைப் பாறை சமவெளியிலிருந்து திடீரென்று எழுந்து நிற்பதை வெகு தொலைவிலிருந்தே காணலாம். த்மெய்மிஷாத், இனால், பூ லனுவார் என்ற சிற்றூர்கள் தண்டவாளத்தை அண்டிப் பிழைக்கின்றன. அங்கே தண்ணீர் கிடைக்கலாம், பெட்ரோலை நம்பிப் போகக் கூடாது. இத்தகைய அடையாளங்களை ஒவ்வொன்றாகக் குறித்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எத்தனை கிலோமீட்டர், எந்தத் திசை, எவ்வளவு நேரம் என்று எழுதி வைத்துக்கொள்வதே வழித்திட்டத்தின் முதற்படி. ஆனால் பாலைவனத்தில் அடையாளங்களும் சாசுவதமல்ல. நைஜர் தேசத்தின் தெனெரே பாலையில் தன்னந்தனியாக நின்று, பெரிய வரைபடங்களிலும் இடம்பெற்றிருந்த வேலமரத்தை 1973இல் ஒரு லாரி மோதிச் சாய்த்துவிட்டது. அத்தனை பெரிய வெட்டவெளியில் மோதுவதற்கு அந்த ஒரு மரம்தான் இருந்தது. அதையும் மனிதன் விட்டுவைக்கவில்லை!

இனி பெட்ரோல் கணக்கு. கெட்டியான சாலையில் நூறு கிலோமீட்டருக்கு ஐந்து லிட்டர் குடிக்கும் ஒரு 600 சி.சி. வண்டி, இளகிய மணலில் ஏழு எட்டு லிட்டர் கேட்கும். முதல் இரண்டாம் கியரிலேயே உறுமிக்கொண்டு போவதால் இயந்திரத்தின் சக்தியில் பெரும்பங்கு மணலைத் தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது. 570 கிலோமீட்டருக்கு ஏழு லிட்டர் வீதம் வைத்துக்கொண்டால் நாற்பது லிட்டர். வழி தவறுதல், திரும்பி வருதல், சுற்றிப்போதல் இவற்றுக்காக அதில் கால் பங்கைக் கூட்டினால் ஐம்பது லிட்டர். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ என்பதால் எரிபொருளின் எடை மட்டுமே ஏறக்குறைய முப்பத்தெட்டு கிலோ. தண்ணீர் பன்னிரண்டு லிட்டர், பன்னிரண்டு கிலோ. இதன்மேல் டியூப், கருவிகள், கூடாரம், உணவு. இத்தனையையும் ஏற்றியபின் வண்டி மணலில் இன்னும் ஆழமாக இறங்கும். ஆழமாக இறங்கினால் இன்னும் அதிகமாகக் குடிக்கும். அதற்காக இன்னும் கொஞ்சம் ஏற்றினால் இன்னும் ஆழமாக இறங்கும். இந்த விஷவட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு உட்பட்ட தூரமே மோட்டார் சைக்கிளுக்குத் தகுந்த பாலைவனம். அதற்கு அப்பாற்பட்ட தூரங்களுக்கு, சாமானைச் சுமந்துவரும் நான்கு சக்கர வண்டி ஒன்று துணை வந்தே ஆகவேண்டும். இதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

சுமையைத் தாங்குவது டயர், டயரைத் தாங்குவது அதனுள்ளிருக்கும் காற்று. பின்சக்கரத்தின்மேல் இருநூறு கிலோ பாரம் இருப்பதாகக் கொள்வோம். டயரின் காற்றழுத்தம் இரண்டு பார், அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சற்றேறக்குறைய இரண்டு கிலோ என்றால், அப்பாரத்தைத் தாங்கத் தரையில் படியவேண்டிய பரப்பு ஏறத்தாழ நூறு சதுர சென்டிமீட்டர். அழுத்தத்தை ஒரு பாராகக் குறைத்துவிட்டால் அதே பாரம் இருநூறு சதுர சென்டிமீட்டரில் பரவுகிறது. மணலின்மேல் விழும் அழுத்தம் பாதியாகிவிடுகிறது. மணலில் காற்றை இறக்கவேண்டும் என்று டிரைவர்கள் சொல்வதன் சாஸ்திரம் இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு லாபத்துக்கும் ஒரு விலை உண்டு. காற்றுக் குறைந்த டயர், சக்கரத்தின் இரும்பு வளையத்தின்மேல் வழுக்கி நகர்ந்து, டியூபின் வால்வைப் பிய்த்தெறியக்கூடும். அதைத் தடுக்க டயரை வளையத்தோடு இறுக்கிப் பிடிக்கும் பூட்டுகள் வேண்டும். கற்பாங்கான தரை வந்ததும் காற்றை மறுபடி ஏற்றாவிட்டால் கல் மோதி வளையம் நெளியும். தார்ச்சாலையில் அப்படியே விரைந்தால் டயர் சூடேறிக் கெடும். ஆகவே கையளவுள்ள ஒரு பம்பும், அதைவிட முக்கியமாக, வெயிலில் இறங்கி நின்று அதை அடிக்கும் பொறுமையும் வேண்டும்.

மணலும் எல்லா இடத்திலும் ஒரே மணல் அன்று. இதை உலகுக்கு விளங்கச் சொன்னவர் ரால்ஃப் பேக்னால்ட் என்ற ஆங்கிலேய இராணுவப் பொறியாளர். எகிப்தில் உத்தியோகம் பார்த்த காலத்தில், விடுமுறைக்கு விடுமுறை ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்துக்குள் புகுந்து திரிந்தவர். காந்த ஊசியை வண்டியின் இரும்பு குழப்புகிறது என்று கண்டு, நிழலைக் கொண்டு திசையறியும் சூரியத் திசைகாட்டியைத் தம் கார்களில் பொருத்திக்கொண்டவர். பிறகு இங்கிலாந்து திரும்பி, காற்றுச் சுரங்கத்தில் மணலைப் பறக்கவிட்டு ஆராய்ந்து, 1941இல் காற்றடிக்கும் மணலின் பௌதிகத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஊர்சுற்றும் ஆசை ஒரு விஞ்ஞானத்தையே பெற்றெடுத்த அபூர்வமான திருஷ்டாந்தங்களுள் அது ஒன்று. காற்று வீசும் பக்கத்துச் சரிவில், துள்ளித் துள்ளி வந்து விழும் மணிகள் ஒன்றையொன்று மோதி இடைவெளிகளில் அடங்கிவிடுவதால், படியில் அரிசியைத் தட்டித் தட்டி அளந்ததுபோல் அங்கே மணல் இறுகிக் கிடக்கிறது. முகட்டைத் தாண்டி மறுபுறம் சரிந்து விழும் மணிகளுக்கோ அப்படி அடங்க அவகாசமில்லை. அங்கே சுமார் முப்பத்துநான்கு டிகிரிச் சாய்வில், தொட்டால் சரியும் நிலையில், மணல் இளகி நிற்கிறது. ஆகவே காற்று வரும் பக்கமாக ஏறுகிறவன் தார்ச்சாலைபோல் ஏறிப்போவான். முகட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பாராமல் அதே வேகத்தில் தாண்டினால், செங்குத்தான மறுபக்கத்தில் தலைகுப்புற விழுவான். பாலைவனத்தில் எலும்பு முறிவுகள் பல இப்படித்தான் நேர்கின்றன. நடுப்பகலில் நிழலே இல்லாதபடியால் முகடும் பள்ளமும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். அதனால்தான் விடியற்காலையில் புறப்பட்டு, முற்பகலிலேயே வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்கிறார்கள்.

பிறை வடிவ மணல்மேடுகளுக்கு இன்னோர் உபயோகமும் உண்டு. அவற்றின் இரு கொம்புகளும் காற்று போகும் திசையையே சுட்டுகின்றன. மௌரிடானியாவின் இப்பகுதியில் காற்று பெரும்பாலும் வடக்கு, வடகிழக்குத் திசைகளிலிருந்தே வீசுவதால், அக்கொம்புகளைப் பார்த்தே தெற்கு எது என்று ஓரளவு அறியலாம். செயற்கைக்கோளைக் கேட்டு இடம் சொல்லும் ஜி.பி.எஸ். கருவி கையிலிருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பார்கள். கருவி நல்லதே, ஆனால் அது சூட்டில் அணைந்துபோகும், விழுந்தால் உடையும், மின்சாரம் தீர்ந்தால் மௌனமாகிவிடும். இரண்டு கருவிகள் வைத்துக்கொள்வதும், காகித வரைபடமும் சாதாரணத் திசைகாட்டியும் உடன் கொண்டுபோவதும் அதிகப்படி ஜாக்கிரதை ஆகாது. திசைகாட்டியைப் பார்க்கும்போது மட்டும் வண்டியை விட்டுப் பத்தடி தள்ளி நிற்கவேண்டும்.

எவ்வளவு கவனமாகப் போனாலும் வண்டி ஒருமுறையாவது புதையும். முன்சக்கரம் தடுமாறுவதைக் கண்டு பயந்து வேகத்தைக் குறைப்பதுதான் அதற்குக் காரணமாயிருக்கும். குறைத்தவுடன் பாரம் முன்னே சாய்ந்து சக்கரம் மணலை உழத் தொடங்குகிறது. கால்தாங்கியில் எழுந்து நின்று, உடலைச் சற்றுப் பின்னே வைத்து, கைகளைத் தளர்த்தி, தூரத்தில் பார்வையை வைத்துச் சீராக ஓட்டுகிறவனுக்கு அத்தடுமாற்றம் தானே அடங்கிவிடும். புதைந்த பின், பின்சக்கரத்தை மேலும் மேலும் சுழற்றுகிறவன் தன் குழியைத் தானே வெட்டுகிறான். அச்சு வரை மணலில் இறங்கி, தாங்குகட்டை இல்லாமலே வண்டி நிமிர்ந்து நிற்கும் அந்த நிலையில், இயந்திரத்தை நிறுத்தி, பெட்ரோல் குழாயை மூடி, சுமையை இறக்கி, வண்டியை மெதுவாக ஒரு பக்கம் படுக்க வைக்க வேண்டும். படுத்தவுடன் சக்கரம் குழியைவிட்டு வெளியே வந்துவிடும். காலால் மணலைத் தள்ளிக் குழியை மூடி மிதித்து, வண்டியை மறுபடி நிமிர்த்தினால் அது தரைமட்டத்தில் நிற்கும். பிறகு பக்கத்தில் நடந்தபடியே முதல் கியரில் அதை வெளியே கொண்டுவந்துவிடலாம். இவ்வளவும் நிதானமாகச் செய்தால் கால்மணி நேரம். ஆத்திரத்தில் தள்ளி இழுத்துச் செய்தால் ஒரு மணி நேரமும், ஒரு லிட்டர் வியர்வையும்.

அந்த வியர்வைதான் இப்பிரயாணத்தின் மெய்யான நாணயம். மனித தேகத்தின் தோல் சுமார் முப்பத்தைந்து டிகிரி உஷ்ணத்தில் இருக்கிறது. காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும் வரையில் வண்டியின் வேகக் காற்று உடலைக் குளிர்விக்கும். காற்றின் உஷ்ணம் நாற்பதைத் தாண்டிவிட்டாலோ அதே காற்று உடலுக்குள் உஷ்ணத்தை ஏற்றுகிறது. அப்போது உடலைக் காக்க எஞ்சியிருக்கும் ஒரே உபாயம் வியர்வை ஆவியாவதே. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோ கலோரி உஷ்ணம் வெளியேறுகிறது. வறண்ட காற்றில் அது சுரந்த கணமே ஆவியாகிவிடுவதால் தோல் உலர்ந்தே இருக்கும். ஓட்டுகிறவன் தனக்கு வியர்க்கவே இல்லை என்று எண்ணிக்கொள்வான். வெயிலுக்குச் சட்டையைக் கழற்றுகிறவனைவிட, உடல் முழுவதையும் தளர்ந்த துணியால் மூடியிருக்கும் பாலைவனவாசி குறைவாகவே நீரை இழக்கிறான். விழுந்தால் காக்கும் கனமான மேலங்கியை வெயிலிலும் கழற்றாதிருப்பவன் இரண்டு வகையில் புத்திசாலி.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்க உடலியல் அறிஞர் எட்வர்ட் அடால்ஃபும் அவருடைய சகாக்களும் கலிபோர்னியப் பாலைவனத்தில் சிப்பாய்களை நிறுத்து, நடக்கவிட்டு, நீர் கொடுத்தும் கொடாமலும் ஆராய்ந்தார்கள். 1947இல் வெளியான அவர்கள் நூல் பல பழைய நம்பிக்கைகளைத் தகர்த்தது. அவற்றுள் முதன்மையானது, நீரைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தால் அதிக நாள் உயிரோடு இருக்கலாம் என்பது. புட்டியில் மிச்சம் பிடித்த நீர் இரத்தத்தில் இல்லாத நீர். மனிதன் சேமிக்கக்கூடியது வியர்வையைத்தானேயொழிய நீரை அன்று என்று அவர்கள் காட்டினார்கள். தாகம் உடலின் தேவைக்குப் பின்தங்கியே வருகிறது என்பதையும் கண்டார்கள். அவர்கள் கணக்குப்படி, நிழலில் அசையாமல் இருப்பவன், பகலின் உச்ச உஷ்ணம் 49 டிகிரியானால், நீரே இல்லாமல் சுமார் இரண்டு நாளும், ஒன்பதரை லிட்டர் நீரோடு மூன்று நாளும் உயிர் தரிக்கலாம். உச்ச உஷ்ணம் 38 டிகிரியானால் அந்த எண்கள் முறையே ஐந்து, ஒன்பதரை நாட்களாகின்றன. இரவில் மட்டும் நடப்பவனுக்குக்கூட நாட்கள் வெகுவாகக் குறைகின்றன. கோடைகாலத்தில் சஹாராவுக்குப் போகாதே, நவம்பர் முதல் பிப்ரவரி வரையில் போ என்னும் புத்திமதிக்கு இந்த எண்களைவிட வேறு வாதம் வேண்டியதில்லை.

வண்டி நின்றுவிட்டால் அதை விட்டுப் போகாதே என்பது பாலைவனத்தின் மிகப் பழைய விதி. அடால்ஃபின் எண்களும் அதையே வற்புறுத்துகின்றன. ஆனால் இவ்விதியைத் தனியாக எடுத்துக்கொண்டால் அது பாதி உண்மைதான். 1933 ஏப்ரல் 12ஆம் தேதி, இங்கிலாந்திலிருந்து கேப் டவுனுக்குத் தனியே பறந்துகொண்டிருந்த பில் லங்காஸ்டர், அல்ஜீரியாவின் ரெக்கானிலிருந்து மாலையில் புறப்பட்டு, தானெஸ்ரூஃப்ட் என்னும் நீரற்ற சமவெளியில் அன்றிரவே இயந்திரம் கெட்டு விழுந்தார். அவரிடம் இருந்தது இரண்டு காலன், ஏறக்குறைய ஒன்பது லிட்டர் தண்ணீர். விமானத்தை விட்டு அகலவில்லை, இறக்கைத் துணியைக் கிழித்து இரவில் தீவட்டி கொளுத்தினார், நாட்குறிப்பு எழுதினார், எட்டு நாள் உயிரோடிருந்தார். விதியை அவர் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். ஆயினும் விமானமும் உடலும் கண்டெடுக்கப்பட்டது 1962இல். தேடியவர்கள் தேடிய வழியில் அவர் இல்லை. இதற்கு நேர்மாறாக, 1935 டிசம்பர் கடைசியில் லிபியப் பாலைவனத்தில் விழுந்த பிரெஞ்சு எழுத்தாளர் செந்தெக்சுபெரியும் அவருடைய மெக்கானிக்கும், தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் நடந்து திரிந்து, சாகும் தறுவாயில் ஒட்டகத்தோடு வந்த ஒரு பெதூயினால் காப்பாற்றப்பட்டார்கள். விதியை மீறியவர்கள் பிழைத்தார்கள், காத்தவர் மாண்டார் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அந்த ஒட்டகம் வந்தது தற்செயல், திட்டமன்று. வண்டியருகே காத்திருப்பது, அந்த வண்டி பிறர் எதிர்பார்க்கும் இடத்தில் கிடந்தால்தான் பலன் தரும் என்பதே இவ்விரண்டிலிருந்தும் தெரிவது.

இதைக் கணக்கிட்டும் பார்க்கலாம். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒருவனைக் கடைசியாகக் கண்டு மூன்று மணி நேரம் ஆகிறது. எந்தத் திசையில் போனான் என்று தெரியாது. அவன் இருக்கக்கூடிய வட்டத்தின் ஆரம் 120 கிலோமீட்டர். பரப்பு ஏறத்தாழ 45,000 சதுர கிலோமீட்டர். அவனே, குறிப்பிட்ட தடத்தை விட்டு எந்தப் பக்கமும் ஐந்து கிலோமீட்டருக்குமேல் விலகமாட்டேன் என்று சொல்லிவிட்டு, சொன்னபடி நடந்திருந்தால், தேட வேண்டியது 1,200 சதுர கிலோமீட்டர். புறப்படுமுன் ஊரில் ஒரு நம்பகமான மனிதனிடம், எந்த வழி, எங்கெங்கே தங்கல், எந்த நாள் எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் யாருக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். வழியில் அழகான ஒரு குன்றைக் கண்டு அந்தப் பக்கம் திரும்புகிறவன், அந்தக் காகிதத்தைத் தன் கையாலேயே கிழித்துப்போடுகிறான்.

தனியே போகவேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. மூன்று வண்டிகள் உத்தமம். ஒருவன் காலை முறித்துக்கொண்டால் ஒருவன் அவனருகே இருக்கலாம், மற்றவன் உதவிக்குப் போகலாம். பாரமான வண்டி சாயும்போது பெட்டிக்கும் தரைக்கும் நடுவே கணுக்கால் அகப்படுவது இங்கே சர்வசாதாரணம். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அபயக் குரல் அனுப்பும் கருவி, இருக்குமிடத்தை உடனே தெரிவித்து மேற்சொன்ன வட்டத்தைச் சுருக்கிவிடுகிறது. ஆனால் அது மீட்புக்காரர்களைக் கொண்டுவந்து இறக்குவதில்லை. அவர்கள் வரும் வரையிலான தண்ணீர் நம்மிடம்தான் இருக்கவேண்டும். செயற்கைக்கோள் தொலைபேசிகளைச் சில தேசங்களின் சட்டம் தடுக்கிறது என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். மணலையும் வெயிலையும் விட மனிதரால் வரும் அபாயம் பெரிதாகிவிடும் காலங்களும் உண்டு: 2003இல் அல்ஜீரிய சஹாராவில், வழிகாட்டி இல்லாமல் மோட்டார் சைக்கிள்களிலும் ஜீப்புகளிலும் சென்ற 32 ஐரோப்பியப் பிரயாணிகள் ஆயுதக் கூட்டத்தாரால் கடத்தப்பட்டு, மாதக்கணக்கில் சிறைவைக்கப்பட்டார்கள், ஒருவர் வெப்பத்தால் இறந்தார். அரசாங்கங்கள் மூடியிருக்கும் வழி மூடிய வழியே.

மௌரிடானியாவில் சாலையோரக் காவல்நிலைகளில் ஜாந்தார்ம்கள் எனப்படும் காவலர்கள் பிரயாணியை நிறுத்தி, ‘ஃபீஷ்’ என்று கேட்பார்கள். பெயர், பாஸ்போர்ட் எண், வண்டி எண், தொழில், எங்கிருந்து எங்கே போகிறான் என்பவை அடங்கிய ஒற்றைத் தாள் அது. ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொன்று கொடுக்கவேண்டியிருப்பதால், விஷயம் தெரிந்தவர்கள் ஊரிலேயே கத்தையாக அச்சடித்துக் கொண்டுபோகிறார்கள். தெரியாதவர்கள் ஒவ்வொரு இடத்திலும் வெயிலில் நின்று சிப்பாயின் புத்தகத்தில் எழுதவைத்து, இது என்ன வீண் தொல்லை என்று முணுமுணுக்கிறார்கள். ஆனால் நம்மைத் தேட நேர்ந்தால் வழி சொல்லக்கூடியது அந்தத் தாளே. அத்தாரைவிட்டுக் கிளம்பும்போது கொடுக்கும் தாளில், ஷூம் வழியாக, தண்டவாளத்தின் தென்புறமாக, நுவாதிபுவுக்கு, இன்ன தேதிக்குள் என்று இரண்டு வரி கூடுதலாக எழுதிக் கொடுப்பதற்குக் காசு செலவில்லை. நுவாதிபு வந்து சேர்ந்ததும், குளிப்பதற்கும் மீன் குழம்புக்கும் முன்னால், ஊரில் காத்திருக்கும் அந்த நம்பகமான மனிதனுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் இல்லாத ஒருவனைத் தேடிச் சில பேர் பெட்ரோலும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு மணலுக்குள் புறப்பட்டிருப்பார்கள்.